வாசிப்பில் ஐந்து, கணக்கில் இரண்டு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை சொல்ல, தங்கை வீட்டுக்காரர் எழுதும் கடிதம். இங்கே நான், இவர், உன் பிள்ளை கீச்சு மூவரும் நலம். அங்கே நீயும் உன் இடுப்பும் நலமா? ஆஸ்பத்திரித் துணி நனைந்தால் கல் மாதிரி கனக்கும் என்று எழுதியிருந்தாய். குனிந்து தூக்காதே, உட்கார்ந்து தூக்கு.

பேச்சு என்னுடையது, எழுத்து இவருடையது. எட்டாவது வரை படித்த மனிதர் என்பதால் பேனாவைத் திறந்ததும் பெரிய ஆபீசர் மாதிரி முகம் மாறிவிடுகிறது. "நீ பேசுறத அப்படியே எழுதணும்னா வெல்டிங் பட்டறைய மூடிட்டுத்தான் வரணும், சுருக்கிச் சொல்லு" என்கிறார். சுருக்கினால் அது தந்தி. நான் போடுவது கடிதம். எழுதட்டும்.

உன் கடிதம் வந்து சேர்ந்தது. இரண்டு அறை உள்ள வீடு கிடைத்துவிட்டது, பிள்ளைக்கு அனுமதியும் வந்துவிட்டது, அந்த ஊர்ப் பள்ளிக்கூட லீவு முடிவதற்குள் அவளை அழைத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். இவர் ஒரு முறை வாசித்தார். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். நல்ல செய்தியை இரண்டு முறை கேட்பதில் தப்பில்லையே. அப்புறம் அடுப்பில் பால் பொங்கி வழிகிறது என்று எழுந்து ஓடினேன். அடுப்பில் பாலே வைக்கவில்லை என்பது அங்கே போன பிறகுதான் ஞாபகம் வந்தது. அதை விடு. அத்தான் போன பிறகு நீ ஒண்டியாய்க் கண் காணாத ஊருக்குப் போய்ப் பாடுபட்டதெல்லாம் இந்த ஒரு நாளுக்காகத்தானே. கடவுள் கண் திறந்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டோம்.

கடிதத்தின் கடைசியில் ஒரு விஷயம் கேட்டிருந்தாய். பிள்ளை இதுவரை என்னென்ன படித்தாள், நம் பள்ளியில் எப்படிச் சொல்லித் தருகிறார்கள், எல்லாவற்றையும் விவரமாகத் தலைமை ஆசிரியையின் முத்திரையோடு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் பத்து வயதுப் பிள்ளையானாலும் முதல் வகுப்பில்தான் உட்கார வைப்போம் என்று அந்த ஊர்ப் பள்ளியில் சொல்லிவிட்டார்களாம். இவர் அதைச் சத்தமாக வாசிக்கும்போது கீச்சு கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். "ஆறு வயசுப் பொடிசுங்களோட உக்காந்தா என் முட்டி மேசைக்குள்ள நுழையாது சித்தி" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டைத் தட்டில் அளைந்துவிட்டு எழுந்துவிட்டாள். அதனால் இந்தக் காரியத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் அதிகமாகவே எடுத்துக்கொண்டேன் என்று இவர் சொல்கிறார். நீயே கேட்டுச் சொல்.

என்ன படித்தாள் என்று கேட்கிறார்கள். படித்தது புத்தகம். அப்படியானால் புத்தகத்தையே அனுப்பிவிட்டால் ஆயிற்று. நான் யோசித்தது இவ்வளவுதான். ஆனால் அந்தப் புத்தகங்கள் நம் வீட்டில் இல்லையே. இந்தப் பள்ளியில் ஒரு பழக்கம் உண்டு. வருஷக் கடைசியில் பிள்ளைகள் புத்தகத்தைப் பள்ளியில் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். புது அட்டை போட்டு, முற்றத்தில் வரிசையாக நின்று, கீழ் வகுப்புப் பிள்ளையின் கையில் தாங்களே கொடுக்க வேண்டும். வாங்குகிற பிள்ளை, கொடுக்கிற பிள்ளையிடம் "எந்தப் பாடம் கஷ்டம்" என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். கீச்சுவின் முதல் வகுப்புப் புத்தகம் இப்போது எந்தக் கையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு முழுச் சாயங்காலம் ஆனது. சலவைக்கடைக்காரர் மகன், டிரைவர் வீட்டு இரட்டைப் பிள்ளைகள், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் என்று வீடு வீடாக ஏறி இறங்கினேன். டிரைவர் வீட்டில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள். அந்த அம்மாவுக்கும் உன்னைப் போலவே இடுப்பு வலி. சுடுதண்ணீர்ப் பை வைக்கிறாளாம். நீயும் வைத்துப் பார். எங்கே விட்டேன்? பிள்ளைகள். "பள்ளிக்கூட விஷயம்" என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டன.

பையைத் தூக்கிக்கொண்டு தபால் ஆபீஸ் போனேன். அங்கே இருக்கிறவர் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த எடைக்குப் பிள்ளையையே பார்சல் பண்ணிடலாமேம்மா" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

மறுநாள் இடைவேளை மணி அடித்ததும் பெரிய டீச்சர் நம் வாசலில் நிற்கிறார். தலைமை ஆசிரியையை இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். கையில் குடை, மூக்கின் நுனியில் கண்ணாடி. "ஏம்மா, பாதிப் பிள்ளைங்க கையில புத்தகம் இல்ல. கேட்டா, கீச்சு சித்தி கொண்டு போயிட்டாங்கன்னு கோரஸா சொல்றாங்க. என்ன, வீட்டுலயே பள்ளிக்கூடம் ஆரம்பிக்கிறீங்களா?" என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. படித்ததை அனுப்பப் போய், படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளின் கையைக் காலியாக்கிவிட்டேன். வெட்கத்தோடு உன் கடிதத்தை எடுத்து நீட்டினேன். வாசித்தார். குடையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "நான் எழுதிக் கொடுத்தா ஒரு பக்கம் வரும். வகுப்பு இது, பாடம் இது, தேர்ச்சின்னு வரும். அதை வச்சு அவங்களுக்கு இவளைத் தெரியாது. நீங்க நாளைக்கு வந்து நாள் முழுக்க உக்காருங்க. பார்த்ததைச் சொல்லி எழுத வைங்க. கீழ நான் முத்திரை போடுறேன்" என்றார்.

போனேன் அக்கா. பள்ளிக்கூடத்துக்குள் நாள் முழுக்க உட்கார்ந்தது எனக்கு அதுதான் முதல் தடவை. நம் வீட்டில் அரிசி டப்பா வைத்திருக்கிறோமே, அந்தப் பலகை உயரம்தான் பெஞ்சு. எழுந்திருக்க இரண்டு பிள்ளைகள் கை கொடுத்தார்கள்.

பள்ளியைப் பற்றிச் சொல்கிறேன், அந்த ஊர் ஆசிரியர்களுக்கு நீ எடுத்துச் சொல்ல வசதியாக இருக்கும். ஐந்து வகுப்பு, ஆசிரியர்கள் மூன்றே பேர். பெரிய டீச்சர், சின்ன டீச்சர், கணக்கு வாத்தியார். அறைகளுக்கு நடுவில் சுவர் கூரை வரைக்கும் போகாது, என் தலைக்கு மேல் ஒரு முழத்தோடு நின்றுவிடும். இந்தப் பக்கம் பாடம் நடந்தால் அந்தப் பக்கம் காதில் விழும். வேறு ஒருவராக இருந்தால் ஆள் போதவில்லை, சுவர் போதவில்லை என்று மனு எழுதிக்கொண்டே இருப்பார். இவர்கள் அதையும்தான் எழுதுகிறார்கள். கூடவே இன்னொன்றும் செய்திருக்கிறார்கள். இந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளையும் முழுதாக ஒரு வகுப்பில் இல்லை. காலையில் வாசிப்பு மணி அடித்தால், யாருக்கு எவ்வளவு வாசிக்க வருமோ அந்த அறைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும். கணக்கு மணி அடித்தால் மறுபடி இடம் மாற வேண்டும். ஐந்தாம் வகுப்பில் மீசை அரும்புகிற மாதிரி ஒரு பையன், வாசிப்புக்கு இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்கிறான். யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் சிரிக்கிறவனும் அடுத்த மணிக்கு எங்கேயோ கீழே போகப் போகிறவன்தான். பெரிய டீச்சர் எனக்கு விளக்கினார்: "சட்டைக்கு ஒரு அளவு, செருப்புக்கு ஒரு அளவு. பிள்ளை ஒண்ணுதானேன்னு ரெண்டையும் ஒரே நம்பர்ல வாங்குவோமா?"

நம் கீச்சு பேருக்கு நாலாம் வகுப்பு. வாசிப்பில் ஐந்து. கணக்கில் இரண்டு. படம் வரைவதில் எல்லாரோடும். மத்தியானம் சுற்றுப்புறப் பாடம் என்று ஒன்று, அன்றைக்கு எல்லாரையும் வெளியே கூட்டிப்போனார்கள். தெருச் சாக்கடை எங்கே தொடங்கி எங்கே போய் விழுகிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே போய், வந்து படம் போட வேண்டும். கீச்சு போட்ட படத்தில் நம் வீட்டுத் தண்ணீரும் டிரைவர் வீட்டுத் தண்ணீரும் சேருகிற இடத்தில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. "தவளை பாடத்துல உண்டா" என்று கேட்டேன். "அது அங்க இருந்துச்சு சித்தி" என்றாள். அந்த ஊரில் பேசுகிற பாஷையும் வாரத்தில் மூன்று நாள் சொல்லித் தருகிறார்கள். பேர் கேட்க, வழி கேட்க, தண்ணீர் கேட்க, மன்னிப்புக் கேட்க அவளுக்குத் தெரியும். சண்டை போடத் தெரியாது. அதை அங்கே கற்றுக்கொள்வாள்.

சின்ன டீச்சர் என்னிடம் ஒன்று சொன்னார். இத்தனை நாள் எனக்கே தெரியாது. நீ அவளை இங்கே விட்டுப் போன புதிதில், பள்ளியில் அவள் யாரோடும் வாய் திறக்கவில்லை. கீச்சு என்ற பேரெல்லாம் அப்புறம் வந்ததுதானே. பேசு பேசு என்று யாரும் நச்சரிக்கவில்லையாம். அந்தக் குட்டைச் சுவரை ஒட்டி உட்கார வைத்துவிட்டு விட்டுவிட்டார்களாம். மாதக்கணக்கில் அப்படியே. ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய வகுப்புப் பையன் ஒருவன் பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்து ஒரு வரியில் தடுக்கி நின்றுவிட்டான். இந்தப் பக்கத்திலிருந்து ஒரு கீச்சுக் குரல் மீதி வரியைச் சொன்னது. புத்தகமும் இல்லை, எழுத்தும் முழுசாகத் தெரியாது. காதால் கேட்டே பாடம் ஆகியிருந்தது. சின்ன டீச்சர் அவளை அப்படியே தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய் உட்கார வைத்தாராம். "அன்னைக்குத்தான் பிள்ளைங்களை வகுப்பு மாத்தி உக்கார வச்சாத்தான் என்னன்னு எங்களுக்கே தோணுச்சு" என்றார். அக்கா, உன் பிள்ளையால் ஒரு பள்ளிக்கூடமே இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. அந்த மூன்று பேருக்கும் நான் எப்படி நன்றி சொல்வேன்? கை கூப்பினேன். சின்ன டீச்சர் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, சாக்பீஸ் ஒட்டிவிட்டதே என்று துடைத்தார்.

இனி கணக்கு. இதையும் சொல்ல வேண்டும். கணக்கு வாத்தியார் புளியங்கொட்டையைக் குவித்து, பன்னிரண்டை ஐந்து பேருக்குப் பங்கு போடச் சொன்னார். ஆளுக்கு இரண்டு வைத்தாள். மிச்சம் இரண்டு. "மீதி எவ்வளவு" என்று கேட்டதற்கு, "மீதி இல்ல சார், இது இன்னைக்கு லீவு போட்டவனுக்கு" என்றாள். வாத்தியார் தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார். பெருக்கல் வருகிறது. வகுத்தல் இப்படித்தான் வருகிறது.

இந்த இடத்தில் இவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "இதை எதுக்கு எழுதணும்? இல்ல, எழுதுறதுன்னா இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லு. வாசிப்பும் வராதுன்னு போட்டுடலாம். அங்க வேணாம்னு சொல்லிடுவாங்க. இங்கயே கிடக்கட்டும்" என்றார். தமாஷாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். வெளியே கீச்சு இவருடைய சைக்கிள் மணியை அடித்து அடித்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். "உள்ளதை உள்ளபடி எழுதுங்க" என்றேன். எழுதுகிறார்.

அந்தப் பள்ளியில் நீ கேட்க வேண்டியது ஒன்றுதான் அக்கா. பிள்ளையை முழுசாக ஒரே வகுப்பில் போடாதீர்கள் என்று கேள். கணக்குக்கு வேண்டுமானால் சின்னப் பிள்ளைகளோடு உட்காரட்டும், அவளுக்கு அது பழக்கம்தான், அழ மாட்டாள். வாசிப்புக்கு மட்டும் அவள் உயரத்துப் பிள்ளைகளோடு விடுங்கள் என்று சொல். பாஷை தெரியாதே என்பார்கள். ஒரு சுவர் ஓரமாக உட்கார வையுங்கள், காதால் பிடித்துக்கொள்வாள் என்று சொல். கெஞ்சித்தான் கேட்க வேண்டும் என்றால் என் பேரைச் சொல்லிக் கெஞ்சு. உனக்குக் கௌரவம் ஜாஸ்தி, எனக்கு அதெல்லாம் கிடையாது.

முத்திரை கீழே இருக்கிறது. பெரிய டீச்சர் முழுதும் வாசித்துவிட்டு, "தவளையை எடுத்துடாதீங்க" என்று சொல்லிப் போட்டுக் கொடுத்தார். புத்தகங்களை வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். டிரைவர் வீட்டில் மறுபடியும் காப்பி.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைக்கும்,
உன் தங்கை

~

அன்புள்ள அக்காவுக்கு,

இது தபாலில் வரும் கடிதம் இல்லை. கீச்சுவின் பெட்டியில், சட்டைகளுக்கு நடுவில் வைத்து அனுப்புகிறேன். உன் ஆஸ்பத்திரிக்கு இங்கிருந்து வேலைக்கு வருகிற நர்ஸ் அம்மாவின் கையில் அவளை ஒப்படைக்கிறோம். நல்ல மனுஷி. ஜன்னல் ஓரத்து இடத்தைப் பிள்ளைக்குத் தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்.

நீ அங்கே கடிதத்தை வரி வரியாக மொழிபெயர்த்துச் சொன்னதும், வாசிப்புக்கு அவள் வயசுப் பிள்ளைகளோடும், கணக்குக்கு மட்டும் கீழ் வகுப்பிலும் வைத்துக்கொள்கிறோம் என்று அவர்கள் ஒத்துக்கொண்டதும் தெரிந்து, இவர் பட்டறையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம். எனக்குச் சொல்லவில்லை, டீக்கடைக்காரர் சொன்னார். கீச்சு தன் முட்டியைப் பிடித்துப் பார்த்துவிட்டு "தப்பிச்சது" என்றாள். அன்றைக்கு இரண்டாம் தடவை சோறு கேட்டாள். முகம் தெரியாத அந்த ஆசிரியர்களுக்கு என் நன்றியைச் சொல்லிவிடு.

அவளைப் பற்றிச் சில விஷயம். தலை பின்னும்போது வலது பக்கம் மெதுவாக இழு, அங்கே ஒரு சுழி. தப்பாகச் செய்தால் தப்பு என்று சொல்லாதே, இன்னொரு தடவை பார் என்று சொல், தானே கண்டுபிடிப்பாள். காய்ச்சல் வருகிறதென்றால் முந்தின நாள் அதிகமாகப் பேசுவாள். தூக்கத்தில் காலால் உதைப்பாள். கோபத்தில் இல்லை, நீச்சல் அடிக்கிறாளாம். இதெல்லாம் நீயே இரண்டு வாரத்தில் கண்டுகொள்வாய். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

நேற்று பள்ளியில் அவளுக்குக் கடைசி நாள். விடைபெறுகிற பிள்ளை எழுந்து நின்று தனக்குப் பிடித்த ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று அங்கே ஒரு வழக்கம். அடியில் ஓட்டை போட்ட டப்பாவில் மணலை நிரப்பித் தொங்கவிடுவார்கள். மணல் தீரும் வரை பேச வேண்டும். என்னையும் இவரையும் கூப்பிட்டிருந்தார்கள். சுவர் ஓரமாக நின்றோம். இவர் புதுச் சட்டை போட்டிருந்தார். எங்களைப் பற்றித்தான் பேசுவாளோ என்று அவருக்கு ஒரு நினைப்பு. எனக்கும்தான் என்று வைத்துக்கொள்.

அவள் உன்னைப் பற்றிப் பேசினாள் அக்கா. "எங்க அம்மா தூரத்துல இருக்காங்க. அம்மா வேலை செய்யுற இடத்துல துணி மலை மாதிரி இருக்கும். அம்மாவுக்கு மழைன்னா பிடிக்கும். அம்மா சின்ன வயசுல மரத்துல இருந்து விழுந்தும் அழல" என்று சொல்லிக்கொண்டே போனாள். ஒரு வார்த்தை தடுக்கவில்லை. மணல் தீர்ந்துவிட்டது, பெரிய டீச்சர் தாமே எழுந்து இன்னொரு பிடி போட்டார். என் மனசு நிறைந்துவிட்டது. ஐந்து வருஷமாக ஒவ்வொரு நாளும் படுக்கும்போது அவளுக்கு உன்னைப் பற்றி ஒன்று சொல்லித்தான் தூங்க வைத்தேன். பிள்ளை ஒன்றைக்கூட மறக்கவில்லை. இவர் தன் சட்டைப் பித்தானையே பார்த்துக்கொண்டு நின்றார். வரும் வழியில், "நல்லா வளர்த்திருக்கே" என்று மட்டும் சொன்னார். எழுத மாட்டேன் என்கிறார், எழுத வைத்திருக்கிறேன்.

கடைசியாக அவள் சொன்னதுதான் இப்போது சிக்கல். "எங்க அம்மா ரொம்ப நல்லா பாடுவாங்க. தூங்க வைக்க ஒரு பாட்டு வச்சிருக்காங்க. நான் போனதும் பாடுவாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

நீ பாடினால் பக்கத்து வீட்டில் ஆட்டுக்கு என்ன ஆச்சு என்று கேட்பார்கள், அது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அவள் இங்கே வந்த புதிதில் தூங்காமல் உன்னையே கேட்டு அழுதபோது, நானாக ஏதோ நாலு வார்த்தை கட்டிப் பாடினேன். யார் பாட்டு என்று கேட்டாள். உங்க அம்மா பாட்டு, எனக்கு அவ்வளவாக வராது, அவள் பாடினால் தெருவே நிற்கும் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அது உன் பாட்டுதான்.

ராகத்தை எப்படி எழுதுவது என்று இவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதனால் ஒரு யோசனை சொல்கிறேன். அவள் வந்த அன்றைக்கு, இத்தனை வருஷம் ஆனதால் மறந்துவிட்டது என்று சொல். அவளையே பாடச் சொல். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்து அவளுக்குப் பழக்கம் உண்டு, பொறுமையாகச் சொல்லித் தருவாள். குரல் நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மெதுவாகப் பாடு. அது உன் பாட்டு என்றே அவள் நம்பட்டும். நான் பாடியது என்று சொல்லிவிடாதே.

தாயும் பிள்ளையும் நூறு வருஷம் சேர்ந்து இருங்கள். இவளை இத்தனை நாள் என் கையில் நம்பிக் கொடுத்து வைத்தாயே, அதற்கு உன்னைக் கும்பிடுகிறேன்.

இப்படிக்கு,
கீச்சுவின் சித்தி